ஆன்லைன் டிக்கெட் விற்பனையை எப்போது மூடுவது? செட்டிநாட்டில் நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு வளவில் (உள் முற்றத்தில்) கச்சேரி, ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறை, காரைக்குடித் தெருக்களில் மரபு நடை, பள்ளத்தூரில் இலை போட்டு விருந்து என்று இந்தப் பக்கம் டிக்கெட் வைத்து நடத்தும் சின்ன நிகழ்ச்சிகள் பெருகி வருகின்றன. நடத்துபவர்கள் டிக்கெட் விலையைப் பற்றி நாள் கணக்கில் பேசுவார்கள், போஸ்டரை நாலு தடவை மாற்றுவார்கள். விற்பனையை எப்போது நிறுத்துவது என்று கேட்டால் மட்டும், "ஆரம்பிக்கிற வரைக்கும் இருக்கட்டுமே, வர்ற காசை ஏன் விடணும்" என்று பதில் வரும்.

அந்தப் பதில் கச்சேரிக்கு ஓரளவு சரி. விருந்துக்குச் சரிவராது, பட்டறைக்குச் சுத்தமாகச் சரிவராது. ஏனென்றால் விற்பனைக் கெடுவை நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. ஒவ்வொரு டிக்கெட்டுக்குப் பின்னாலும், ஆரம்பித்துவிட்டால் திருப்ப முடியாத ஒரு வேலை இருக்கும். அரிசியை ஊறப்போடுவது, ஓலைக்குச் சாயம் ஏற்றுவது, வேன் பேசி முன்பணம் கொடுப்பது மாதிரி. அந்த வேலை எப்போது தொடங்குகிறதோ அதற்கு முன்னால் விற்பனை முடிந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கை எப்படிப் போடுவது, அதை டிக்கெட் தளத்தில் எப்படி அமைப்பது என்பதை முதலிலிருந்து பார்ப்போம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். காரைக்குடி கம்பன் விழா போல வருகிறவர் எல்லோரும் உட்கார்ந்து கேட்கிற நிகழ்ச்சிக்கு இதெல்லாம் வேண்டாம். தலைக்கணக்கு முக்கியமான இடத்தில்தான் இது தேவைப்படும்.

முதல் படி: டிக்கெட்டுகளைப் பிரித்து எழுதுங்கள்

ஒரே நிகழ்ச்சிக்கு ஒரே கெடு என்று நினைப்பதில்தான் பாதிக் குழப்பம் வருகிறது. ஒரு தாளை எடுத்து, நீங்கள் விற்கும் ஒவ்வொரு வகை டிக்கெட்டையும் தனித்தனியாக எழுதுங்கள்: கச்சேரி மட்டும், கச்சேரியும் விருந்தும், நடை மட்டும், தங்குமிடத்தோடு சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, இந்த டிக்கெட்டை ஒருவர் வாங்கினால் யாருக்கு வேலை கூடுகிறது என்று எழுதுங்கள். கச்சேரி டிக்கெட் என்றால் ஒரு நாற்காலி கூடும், அவ்வளவுதான். விருந்து டிக்கெட் என்றால் சமையல் மாஸ்டர், மளிகைக் கடை, இலைக்கட்டு, பரிமாறும் ஆட்கள் என்று பின்னால் ஒரு வரிசையே நகரும்.

இரண்டாம் படி: செய்பவரிடமே போய்க் கேளுங்கள்

கெடுவை அலுவலக மேசையில் உட்கார்ந்து தீர்மானிக்காதீர்கள். வேலையைச் செய்கிறவரிடம் போய், "கடைசியாக எப்போது எண்ணிக்கை சொன்னால் உங்களுக்குப் போதும்?" என்று கேளுங்கள். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"மாஸ்டர், சனிக்கிழமை ராத்திரி விருந்து. வெள்ளிக்கிழமை மத்தியானம் எண்ணிக்கை சொன்னாப் போதுமா?"

"வியாழக்கிழமை ராத்திரியே சொல்லிருங்க தம்பி. வெள்ளி காலையில மார்க்கெட்டுக்குப் போறப்ப லிஸ்ட் கையில இருக்கணும். கவுனி அரிசி அன்னைக்கு ராத்திரியே ஊறணும்ல."

அந்த ஒரு பதிலில் உங்கள் கெடு வந்துவிட்டது. கவுனி அரிசியை இரவு முழுக்க ஊற வைத்தால்தான் நன்றாக வேகும். அதைச் சனிக்கிழமை காலையில் நினைத்துக்கொண்டு செய்ய முடியாது. வெள்ளைப் பணியாரத்துக்கும் கந்தரப்பத்துக்கும் அரிசியும் பருப்பும் ஊறப்போட்டு ஆட்ட வேண்டும். நாலு இலை கூடினால் குழம்பை நீட்டிக்கொள்ளலாம். ஆட்டி வைத்த மாவை நீட்ட முடியாது.

இன்னொரு கேள்வியையும் மாஸ்டரிடம் அங்கேயே கேட்டுவிடுங்கள்: "சொன்ன எண்ணிக்கைக்கு மேல எத்தனை இலை வரைக்கும் தாங்கும்?" அனுபவமுள்ள எந்த மாஸ்டரும் கொஞ்சம் சேர்த்துத்தான் சமைப்பார். அந்தக் கூடுதல் இலைகளை ஒருபோதும் ஆன்லைனில் விற்காதீர்கள். பாட்டுக்காரரோடு வரும் ஆட்கள், வீட்டுச் சாவி கொடுத்த பங்காளி வீட்டார், கடைசி நேரத்தில் வந்து நிற்கும் வயதானவர் எல்லோருக்கும் அதுதான் சோறு. அதையும் விற்றுவிட்டால் பரிமாறுகிறவர்கள் கடைசிப் பந்தியில் சாப்பாடு இல்லாமல் நிற்பார்கள். அப்படி நடக்கவே கூடாது.

பட்டறைகளுக்கும் இதே கேள்விதான், பதில்தான் வேறு. கொட்டான் (ஓலைக்கூடை) பின்னும் பட்டறை என்றால் ஓலையைக் கீறி, சாயத்தில் போட்டு, காயவைத்து எடுத்து வைக்க வேண்டும். மழை நாளில் காய்வதற்கே நேரம் ஆகும். எனவே விருந்தை விட முன்னாலேயே எண்ணிக்கை தெரிய வேண்டும். ஆத்தங்குடிக் கல் பட்டறை என்றால் கண்ணாடித் தகடும் அச்சும் எத்தனை இருக்கிறதோ அத்தனை பேர்தான். அங்கே நேரத்தை விட எண்ணிக்கைதான் முதலில் முட்டும். இன்னொன்று, வண்ணச் சிமெண்ட் ஊற்றிச் செய்த கல்லை அன்றே கையில் எடுத்துப்போக முடியாது. அது தண்ணீரில் சில நாள் ஊறி, காய்ந்த பிறகுதான் கண்ணாடியை விட்டு உறுதியான கல்லாகக் கிடைக்கும். இதை டிக்கெட் பக்கத்திலேயே, விலைக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். வாங்கிய பிறகு தெரிந்தால் ரத்து கேட்பார்கள்.

மூன்றாம் படி: பின்னோக்கி எண்ணுங்கள்

ஒரு மாதிரியைப் போட்டுப் பார்ப்போம். சனிக்கிழமை மாலை 5 மணிக்குக் கானாடுகாத்தானில் தெரு நடை, 6:30க்கு வளவில் கச்சேரி, 8:15க்கு விருந்து. வளவிலும் சுற்றிலுமாக 80 பேர் வசதியாக உட்காரலாம் என்று வைத்துக்கொள்வோம்.

விருந்தோடு சேர்ந்த டிக்கெட்: வெள்ளி காலை மார்க்கெட், அதனால் வியாழன் இரவு மாஸ்டருக்கு எண்ணிக்கை. நீங்கள் பட்டியலைச் சரிபார்க்க ஒரு மணி நேரமாவது வேண்டும். ஆக, வியாழன் இரவு 8 மணிக்கு விற்பனை மூடல், 9 மணிக்கு மாஸ்டருக்கு போன்.

நடை மட்டும்: ஒரு வழிகாட்டிக்கு 20 பேருக்கு மேல் போனால் பின்னால் நிற்பவருக்குக் காது கேட்காது. இரண்டாவது வழிகாட்டி வேண்டுமா என்று முதல்நாள் சாயங்காலம் தெரிந்தாக வேண்டும். எனவே வெள்ளி மாலை 6 மணி.

கச்சேரி மட்டும்: சனிக்கிழமை மாலை 4 மணி. தொடங்கும் வரை ஏன் விற்கக் கூடாது என்று கேட்பீர்கள். வாசலில் நிற்கும் பையன் கையில் முழுப் பட்டியல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். நம் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர் கனத்துக்கு முகப்பைத் தாண்டினாலே சிக்னல் குறையும். க்யூஆர் கோடை நெட்டில்தான் சரிபார்ப்போம் என்று நம்பி நின்றால் வாசலில் வரிசை நீளும். விற்பனையை மூடி, பட்டியலை இரண்டு போன்களில் இறக்கி, ஒரு பிரதியை அச்செடுத்து வைத்தால் நெட் இல்லாமலேயே வேலை நடக்கும்.

தங்குமிடத்தோடு சேர்ந்தது: அறை கொடுக்கும் விடுதி எந்தத் தேதி வரை உங்களுக்காக அறையைப் பிடித்து வைக்கிறதோ அதற்கு முதல்நாள். மார்கழி, தை மாதங்களில் இங்கே அறை கிடைப்பது சிரமம். பத்துப் பதினைந்து நாள் முன்னாலேயே மூட வேண்டிவரும்.

எழுதி முடித்ததும் பஞ்சாங்கத்தையும் ஒருமுறை பாருங்கள். முகூர்த்த நாளாக இருந்தால் மாஸ்டரும் பரிமாறும் ஆட்களும் இலையும் எல்லாமே இறுக்கம். விருந்துக் கெடுவை இன்னும் ஒருநாள் முன்னால் தள்ளுங்கள். தை 3ஆம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு என்றால் மதுரையிலிருந்து திருப்பத்தூர் வழியாக வருகிறவர்கள் நேரத்துக்கு வந்து சேர்வது கஷ்டம். அன்று சாயங்காலம் நிகழ்ச்சி வைக்காமல் இருப்பதே நல்லது.

வெளியூர்க்காரர்களின் பயணமும் கணக்கில் வர வேண்டும். மதுரையும் திருச்சியும் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர், காரில் கிளம்பி வந்துவிடலாம். சென்னையிலிருந்து வருகிறவர் ரயில் டிக்கெட் கிடைத்த பிறகுதான் உங்கள் டிக்கெட்டை வாங்குவார். ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கிறது. ஆகவே மூடும் நேரத்தைப் போலவே திறக்கும் நேரமும் முக்கியம். பத்து நாள் முன்னால் விற்பனையைத் திறந்தால், சென்னைக்காரர்கள் வர ஆசைப்பட்டும் வர முடியாமல் போகும்.

நான்காம் படி: கடிகாரத்தைச் சரிபாருங்கள்

இதில் ஏமாந்தவர்கள் ஏராளம். தாளில் போட்ட கணக்கெல்லாம் சரியாக இருந்தும், தளத்தின் கடிகாரம் வேறு ஊரில் ஓடிக்கொண்டிருந்தால் எல்லாம் வீண்.

உங்கள் தளம் வேர்ட்பிரஸ் (தளம் அமைக்கும் மென்பொருள்) வைத்துச் செய்ததாக இருந்தால் அமைப்புகளில் பொதுப் பகுதிக்குப் போய் நேர மண்டலத்தைப் பாருங்கள். புதிதாக நிறுவிய தளத்தில் பெரும்பாலும் யூடிசி (உலகப் பொது நேரம்) என்றே இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வியாழன் மாலை 6 மணிக்கு மூடு என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள். தளமோ யூடிசி 6 மணியை எண்ணிக்கொண்டிருக்கும், அது நமக்கு இரவு 11:30. மாஸ்டரிடம் எண்ணிக்கை சொல்லிவிட்டு நீங்கள் தூங்கப் போன பிறகும் விருந்து டிக்கெட் விற்றுக்கொண்டே இருக்கும். நேர மண்டலப் பட்டியலில் ஆசியாவுக்குக் கீழே கொல்கத்தா என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நம் நாட்டில் கோடைக்கு ஒரு நேரம், குளிருக்கு ஒரு நேரம் என்று மாற்றுவதில்லை. ஒருமுறை சரி செய்தால் போதும்.

கூகுள் ஃபார்ம் வைத்துப் பதிவு வாங்குகிறவர்கள் அதோடு இணைந்த ஷீட்டின் அமைப்புகளிலும் நேர மண்டலத்தைப் பாருங்கள். பதிவு வந்த நேரம் என்று அதில் விழுவது ஷீட்டின் நேர மண்டலப்படிதான். யார் கெடுவுக்கு முன்னால் வந்தார், யார் பின்னால் வந்தார் என்ற வழக்கு வரும்போது அந்த நேரம்தான் சாட்சி.

அடுத்து, நள்ளிரவு. "வெள்ளிக்கிழமை ராத்திரி 12 மணி வரை" என்று நாம் சொன்னால் எல்லோருக்கும் புரியும். ஆனால் தளத்தில் வெள்ளிக்கிழமைத் தேதியைப் போட்டு 12:00 ஏஎம் என்று அமைத்தால், அது வியாழன் இரவு முடிந்து வெள்ளி பிறக்கும் நொடி. முழுதாக ஒருநாள் முன்னாலேயே விற்பனை மூடிவிடும். அவசியம் என்றால் 11:59 பிஎம் என்று போடுங்கள். என்னைக் கேட்டால் நள்ளிரவுக் கெடுவே வேண்டாம் என்பேன். எந்த விற்பனையிலும் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் ஆள் குவியும், அப்போதுதான் பணம் சிக்கும், அப்போதுதான் போன் வரும். போனை எடுக்க நீங்கள் விழித்திருக்கிற நேரமாகக் கெடு இருக்கட்டும். இரவு 8 மணி நல்ல நேரம்.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து ஊருக்கு வரும் சொந்தக்காரர்கள் வாங்குவார்கள் என்றால், டிக்கெட் பக்கத்தில் "இந்திய நேரம்" என்று இரண்டு சொல் சேர்த்துவிடுங்கள். அங்கே நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால். நம் இரவு 8 மணி அவர்களுக்கு 10:30.

ஐந்தாம் படி: பணம் வந்து சேரும் இடைவெளி

ஒருவர் 7:58க்கு டிக்கெட்டைத் தேர்ந்தெடுக்கிறார். யூபிஐ செயலி திறக்கிறது, வங்கி மெதுவாக இருக்கிறது, பணம் போய்ச் சேர 8:03 ஆகிறது. இவருக்கு டிக்கெட் உண்டா, இல்லையா? இதை முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். அறிவித்த நேரத்துக்கு முன்னால் வாங்கத் தொடங்கியவரை உள்ளே விடுவதுதான் நியாயம். அதற்கு எளிய வழி, அறிவிப்பில் இரவு 8 என்று போட்டுவிட்டு, தளத்தில் 8:15 என்று அமைப்பது. பெரும்பாலான தளங்கள் ஒருவர் பணம் கட்டும் வரை இருக்கையைச் சில நிமிடங்கள் பிடித்து வைக்கும். உங்கள் தளத்தில் அது எத்தனை நிமிடம் என்று பார்த்து, அதற்கு ஏற்ப இந்த இடைவெளியை வையுங்கள்.

பணம் கணக்கிலிருந்து போய், டிக்கெட் வராமல் தொங்கினால்? வாங்குகிறவரிடம் "இன்னொரு தடவை கட்டுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். முதலில் பணப்பரிமாற்ற நிறுவனத்தின் பக்கத்தில் நிலவரம் பாருங்கள். வந்திருந்தால் டிக்கெட்டைக் கையால் உருவாக்கி அனுப்புங்கள். ரிசர்வ் வங்கி 2019இல் போட்ட விதிப்படி, வணிகருக்கு யூபிஐ மூலம் கட்டிய பணம் பிடித்தமாகி, உறுதிச் செய்தி வராமல் போனால், அது 5 நாளுக்குள் தானாகவே திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதைத் தெரிந்து வைத்திருந்தால் பதறுகிறவரிடம் நிதானமாகப் பேசலாம்.

சொந்த ஜிபே எண்ணுக்குப் பணம் வாங்கி, வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் பெறுகிறவர்கள் இங்கே அதிகம். சின்ன நிகழ்ச்சிக்கு அது போதும். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி டிக்கெட் கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கில் வரவைப் பார்த்த பிறகு கொடுங்கள். கெடு முடிந்ததும் குழுவில் "பதிவு முடிந்தது" என்று போட்டு, எண் இருக்கும் போஸ்டரையும் நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் மறுநாளும் பணம் வந்துகொண்டே இருக்கும், திருப்பி அனுப்புவதே தனி வேலையாகிவிடும்.

அப்புறம், பணம் உங்கள் கைக்கு வரும் நாள். பணப்பரிமாற்ற நிறுவனங்கள் பொதுவாக இரண்டு மூன்று வேலை நாள் கழித்துத்தான் வங்கியில் போடும். வியாழன் இரவு விற்ற டிக்கெட்டின் பணம் வெள்ளி காலை மளிகைக்கு உதவாது. மளிகைக்கும் முன்பணத்துக்கும் தனியாகக் கையிருப்பு வேண்டும். அது இல்லையென்றால் விருந்துக் கெடுவை அந்த வாரத் தொடக்கத்துக்கே கொண்டுபோங்கள்.

ஆறாம் படி: ரத்து செய்யவும் ஒரு கெடு

விற்பனைக் கெடுவை ஒழுங்காக வைத்துவிட்டு, "நிகழ்ச்சிக்கு 24 மணி நேரம் முன்வரை ரத்து செய்யலாம்" என்று எழுதுகிறார்கள். விருந்துக்கு அது நஷ்டம். வெள்ளி சாயங்காலம் ரத்தானால் அந்த இலைக்கு மளிகை வாங்கியாகிவிட்டது, அந்த இடத்தை வேறொருவருக்கு விற்கவும் வழியில்லை. ரத்துக் கெடு எப்போதும் விற்பனைக் கெடுவுக்கு முன்னால் இருக்க வேண்டும். விற்பனை வியாழன் 8 மணிக்கு முடிகிறது என்றால் ரத்து புதன் 8 மணிக்கு முடியட்டும். காலியான இடத்தை விற்க ஒருநாள் கிடைக்கும். அதற்குப் பிறகு வர முடியாதவர் டிக்கெட்டை வேறொருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ள அனுமதியுங்கள். பெயர் மாறினால் மாஸ்டருக்கு ஒன்றும் மாறப்போவதில்லை.

ஏழாம் படி: ஒத்திகை

விற்பனையைத் திறப்பதற்கு முன்னால், ஒரு ரூபாய்க்குச் சோதனை டிக்கெட் ஒன்று உருவாக்குங்கள். பத்து நிமிடத்தில் மூடுமாறு அமையுங்கள். உங்கள் போனில் ஒன்று, இதுவரை அந்தப் பக்கத்துக்கே போகாத இன்னொருவர் போனில் ஒன்று என்று திறந்து வைத்துப் பாருங்கள். நேரம் முடிந்ததும் வாங்கும் பொத்தான் மறைகிறதா? மறையாவிட்டால் தளம் பழைய பக்கத்தைச் சேமித்துக் காட்டுகிறது, அதாவது கேஷ் (cache) தொல்லை. டிக்கெட் பக்கத்தைக் கேஷிலிருந்து விலக்கி வையுங்கள். வேர்ட்பிரஸில் இன்னொரு விஷயமும் உண்டு. அதன் உள் கால அட்டவணை, தளத்துக்கு யாராவது வரும்போதுதான் ஓடும். ஆள் வரத்து குறைந்த தளத்தில், அதை நம்பியிருக்கும் வேலைகள் தாமதமாக நடக்கும். ஆகவே கெடு நேரத்தில் நீங்களே ஒருமுறை பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

நேரத்தோடு எண்ணிக்கைக்கும் வரம்பு போடுங்கள். விருந்து வரம்பும் கச்சேரி வரம்பும் ஒரே வளவைத்தான் பங்கு போடுகின்றன. இரண்டையும் சேர்த்து 80ஐத் தாண்டாதபடி தளத்தில் பொது வரம்பு வையுங்கள். எது முதலில் வருகிறதோ அதில் விற்பனை நிற்கும்.

எட்டாம் படி: கெடுவைச் சொல்லுங்கள், சொன்னதில் நில்லுங்கள்

கெடு டிக்கெட் பக்கத்தின் அடியில் ஒளிந்திருக்கக் கூடாது. போஸ்டரில், விலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மூடுவதற்கு முதல்நாள் காலை ஒரு செய்தி, மூடுவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் இன்னொன்று போதும். இப்படி எழுதலாம்:

"விருந்துடன் கூடிய டிக்கெட் நாளை வியாழன் இரவு 8 மணியுடன் (இந்திய நேரம்) நிறைவடைகிறது. அளவாகச் சமைக்க வேண்டியிருப்பதால் அதன்பின் சேர்க்க இயலாது. கச்சேரி மட்டும் கேட்க வருபவர்கள் சனி மாலை 4 மணி வரை வாங்கலாம்."

காரணத்தைச் சொல்லுங்கள். சாப்பாட்டுக் கணக்கு என்றால் நம் ஊரில் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

அப்படியும் வெள்ளிக்கிழமை போன் வரும். "அண்ணே, நாலு பேரு வர்றோம், நம்ம ஆளுக தான், பாத்துச் செய்ங்க." இதற்கு ஒரே வழி, கெடுவுக்குப் பிறகு ஆள் சேர்க்கும் அதிகாரத்தை ஒருவரிடம் மட்டும் கொடுப்பது. குழுவில் ஐந்து பேர் ஆளுக்கு நாலு பேரைச் சேர்த்தால் இருபது இலை கூடிவிடும், மாஸ்டர் தலையில் இடி. மற்ற நால்வரும் "அவருகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டால் மனஸ்தாபமும் வராது. அந்த ஒருவர் கூட விருந்துக்கு மறுத்து, கச்சேரிக்கு இடம் இருந்தால் அழைக்கலாம்.

வாசல் விற்பனை வைப்பதானால் கச்சேரி டிக்கெட்டை மட்டும் வையுங்கள். ஆன்லைன் மூடிய பிறகு மீதி எத்தனை என்று எண்ணி, அதற்கு மேல் ஒன்றுகூட வாசலில் கொடுக்காதீர்கள். விலை ஆன்லைனை விடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அடுத்த முறை முன்கூட்டியே வாங்குவார்கள். சில்லறையும் வேண்டும், எல்லோரும் யூபிஐயில்தான் கொடுப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

நிகழ்ச்சி முடிந்த பிறகு

தளத்திலிருந்து விற்பனைப் பட்டியலை இறக்கி, யார் எந்த நாளில், எந்த நேரத்தில் வாங்கினார்கள் என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். பாதிக்கு மேல் கடைசி நாளில் வாங்கியிருந்தால், முன்கூட்டியே வாங்குவோருக்குச் சலுகை வைத்திருந்தால் அதன் கெடு தவறான இடத்தில் இருக்கிறது. அதை இன்னும் ஒரு வாரம் முன்னால் வைத்துப் பாருங்கள். மாஸ்டரிடமும் எத்தனை இலை மிஞ்சியது, எது போதவில்லை என்று மறக்காமல் கேட்டு, அதே தாளில் எழுதி வையுங்கள். அடுத்த நிகழ்ச்சிக்குப் பின்னோக்கி எண்ணும்போது அந்தத் தாள் உதவும்.